"ஏறின கியர்லயே இறங்கு மாப்ள!" - கேரட் வண்டியில் ஒரு நீலகிரிப் பயணம்

அதிகாலை 2.30 மணி. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையம் அருகே இருக்கும் டீக்கடையில் முதல் பால் பொங்கி இறங்குகிறது. கடைக்கு எதிரே ஒரு வெள்ளை நிற டீசல் பிக்-அப் நிற்கிறது. அதன் பின்பக்கத்தில் ஏறி நின்று, செல்போன் வெளிச்சத்தில் எதையோ தேடித்தேடி இறக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார் 52 வயது உரிமையாளர். துருப்பிடித்த இரும்புக் குழாய், கிழிந்த பழைய தார்ப்பாய், எப்போதோ போட்ட மணல் மூட்டை ஒன்று, உடைந்த பிளாஸ்டிக் கிரேட்கள்.

"இதெல்லாம் என்னத்துக்கு மாப்ள மலைக்கு வருது? டிக்கெட் எடுத்துருக்கா?"

கீழே நின்று சாமான்களை வாங்கிவைக்கும் 23 வயது அக்கா மகன் சிரிக்கிறார். "போன மாசம் மழையில சறுக்குதுன்னு நான்தான் மணல் மூட்டையப் போட்டேன் மாமா. இறக்க மறந்துட்டேனுங்க."

மாமாவுக்கு முழங்கால் தேய்மானம். கிளட்ச் மிதித்து மிதித்தே போன கால் என்கிறார். அடுத்த மாதம் முதல் வண்டி முழுக்க மருமகன் கையில். வண்டிக் கடனில் இன்னும் 18 தவணைகள் பாக்கி. ஒரு நடைக்கு இவ்வளவு வாடகை என்று மண்டியில் பேசிவிடுகிறார்கள், அது ஏறாது. தவணையும் இன்ஷூரன்ஸும் குறையாது. குறைக்க முடிந்த செலவு என்று இந்தத் தொழிலில் பெரிதாக இருப்பது ஒன்றுதான், டீசல். அதனால்தான் இந்தக் கடைசி வாரத்தில் இருவரும் சேர்ந்தே மலை ஏறுகிறார்கள். ஒருவர் கற்றுக்கொடுக்க, இன்னொருவர் கற்றுக்கொள்ள.

முதல் மிச்சம், கிளம்பும் முன்பே!

வண்டியைக் கிளப்பும் முன் மாமா செய்யும் வேலை, நான்கு டயர்களிலும் காற்றை அளப்பது. இதற்கென்றே ஒரு கேஜ் சொந்தமாக வைத்திருக்கிறார். "ஓடி வந்து சூடான டயர்ல அளந்தா காத்து அதிகமாத்தான் காட்டும். நாமளும் சரியா இருக்குதுன்னு விட்டுருவோம். ராத்திரி முழுக்க நின்ன வண்டி, டயர் சில்லுனு இருக்குது பாரு... இப்பக் காட்டுறதுதான் நிஜம்."

காற்று குறைந்த டயர் தரையில் அதிகமாகப் படிந்து, ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த வேலைக்கான சக்தியும் டீசல் டாங்கிலிருந்துதான் வர வேண்டும். டயர் சூடாகும், ஓரங்கள் சீக்கிரம் தேயும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்திலோ, வண்டியோடு தரும் கையேட்டிலோ நிறுவனமே குறிப்பிட்டிருக்கும். பிக்-அப் வண்டிகளில் காலியாக ஓடும்போது ஓர் அளவு, லோடு ஏற்றினால் இன்னோர் அளவு என்று பிரித்தே சொல்லியிருப்பார்கள். பலரும் பார்க்காத ஸ்டிக்கர் அது.

அடுத்து, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்கிறார். இப்போது எல்லாமே குளிர்ச்சி. "வண்டி சித்த தூரம் ஓடுனதும், பெருசா பிரேக் புடிக்காமயே ஒரு சக்கரம் மட்டும் சூடா இருந்துச்சுன்னா, அங்க பிரேக் ஒட்டிக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம். காலைக் கட்டிக்கிட்டு ஓட்டப் பந்தயம் ஓடுற மாதிரி."

ஏர் ஃபில்டரைப் போன வாரமே மாற்றியாகிவிட்டது. தூசி அடைத்த ஃபில்டரோடு ஏற்றம் ஏறினால், இன்ஜினுக்குப் போதிய காற்று கிடைக்காது. உந்துசக்தி குறையும். ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அமுக்குவார். பின்னால் கறுப்புப் புகை வரும். அந்தப் புகை, எரியாமல் வெளியே போகும் டீசல்.

100 கிலோவுக்கு 12 ரூபாய்!

பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்புகள். இருட்டில் மரங்கள் தெரியவில்லை, ஈர மண் வாசனை மட்டும் ஜன்னல் வழியே வருகிறது. கல்லாறு வரை சமதளம். நீலகிரி மலை ரயிலும் இதுவரை சாதாரண ரயில்தான். கல்லாற்றில் இருந்துதான் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை தொடங்குகிறது. 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரயில் இது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்தது. ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில், வெறும் சக்கரத்தை நம்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது அந்த ரயில். சாலையில் ஏறும் பிக்-அப்புக்கு அப்படிப் பல் கிடையாது. கியர்தான் பல்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. குன்னூரோ சுமார் 1,850 மீட்டர். அதாவது, வண்டியை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும். இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். அந்தக் கணக்கில், 1.8 டன் எடையுள்ள காலி வண்டியைக் குன்னூர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறத்தாழ இரண்டரை லிட்டர் டீசல் வேண்டும். சாலையில் உருளும் செலவு அதற்கு மேல்.

அப்படியென்றால், தேவையில்லாமல் வண்டியில் கிடக்கும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் சுமார் 135 மில்லி. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 12 ரூபாய்க்கு மேல். டீக்கடை வாசலில் இறக்கிப்போட்ட சாமான்கள், ஒவ்வொரு நடையிலும் ஒரு டீ குடித்துக்கொண்டிருந்தன!

முதல் கொண்டை ஊசி வளைவு. மருமகன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வேகமாக வந்து, வளைவில் பிரேக் அடித்து, மறுபடி முதல் கியருக்கு இறக்கித் திணறி ஏறுகிறார். மாமா எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது வளைவிலும் அதே கதை. மூன்றாவது வளைவுக்கு முன்னால்தான் வாயைத் திறக்கிறார்.

"மாப்ள, வளைவுக்கு முன்னாடியே கியரை இறக்கு. அடிச்சுப் புடிச்சு வராத. பிரேக் அடிக்கிற ஒவ்வொரு தடவையும், அதுவரைக்கும் எரிச்ச டீசலைக் கீழ ஊத்துறோம்னு நெனச்சுக்க. இன்ஜின் சத்தத்தைக் கேளு. முனகவும் கூடாது, அலறவும் கூடாது."

முனகல் என்று அவர் சொல்வது, சுற்று குறைந்த நிலையிலேயே பெரிய கியரில் இழுப்பதை. அலறல் என்பது சின்ன கியரில் தேவைக்கு மேல் சுற்றவிடுவதை. இந்த மாதிரி டர்போ டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,500 சுற்றுகளுக்குள்தான் நன்றாக இழுக்கும். ஏற்றத்தில் முள்ளை அந்த எல்லைக்குள் நிறுத்தத் தெரிந்தால் பாதி வித்தை கைவந்துவிட்டது. கிளட்ச் பெடல்மீது காலை வைத்தே ஓட்டும் பழக்கம் இருந்தால், அது மீதி வித்தையைக் கெடுத்துவிடும். அரைகுறையாக வழுக்கும் கிளட்ச், டீசலையும் தின்று தன்னையும் தின்றுகொள்ளும்.

பெரியவருக்கு வழிவிட்டு...

பர்லியாற்றை நெருங்கும்போது முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். யானை. பலாப்பழ சீஸனில் இந்தப் பக்கம் அவை இறங்கி வருவது வழக்கம். சாலையோரத்தில் ஒரு தாயும் குட்டியும் மூங்கிலை ஒடித்துக்கொண்டிருப்பதாக, முன்னால் நிற்கும் காய்கறி வண்டிக்காரர் சைகையில் சொல்கிறார்.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை. யாரும் இறங்கவும் இல்லை. ஆனால், எல்லா வண்டிகளின் இன்ஜினும் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாமா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு நிமிடம் கழித்து, "ம், இப்ப ஆஃப் பண்ணு" என்கிறார்.

"நின்னதுமே ஆஃப் பண்ணிருக்கலாமே மாமா?"

"ஏத்தம் ஏறி வந்த வண்டி. டர்போ கொதிச்சுக் கெடக்கும். உடனே நிறுத்துனா ஆயில் ஓட்டம் நின்னு பேரிங் கருகும். ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு ஆத்திட்டு நிறுத்தணும். அதுக்கு மேல ஓடுறது தண்டம்."

நின்றபடியே ஓடும் இந்த அளவு டீசல் இன்ஜின், மணிக்கு அரை லிட்டரையாவது குடிக்கும். பார்க்கச் சின்ன அளவு. ஆனால் மண்டியில், லோடு ஏற்றும் இடத்தில், செக்போஸ்ட்டில் என்று நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சாப்பாட்டுக் காசு.

இன்ஜின் நின்றதும்தான் காடு கேட்கிறது. சில்வண்டுகள், எங்கோ தண்ணீர், மூங்கில் முறியும் சத்தம். பின்னால் நிற்பவர்களும் ஒவ்வொருவராக இன்ஜினை அணைக்கிறார்கள். இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986-ல் அறிவிக்கப்பட்டது நீலகிரி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் இரண்டரைக் கிலோவுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறும் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 20 நிமிட அமைதியில் மிச்சமானது பணம் மட்டுமல்ல.

ஐந்து மூட்டை ஆசை

குன்னூரைத் தாண்டிக் கேத்தி பாலாடா வந்துசேரும்போது விடிந்துவிட்டது. பனி மெல்ல விலக, படிக்கட்டுகள் போலப் பச்சைத் தோட்டங்கள். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. தலையில் துணி கட்டிய பெண்கள் இருட்டிலேயே பிடுங்கிய கேரட்டுகள், கழுவும் இயந்திரத்தின் சுழலும் உருளைக்குள் செந்நிறமாகப் புரள்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு. சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மாமா கேரட்டைப் பார்க்கவில்லை, மூட்டையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்க்கிறார். "சித்த வடியட்டுமுங்க. தண்ணிக்கு வாடகை கெடையாது, எடை மட்டும் உண்டு" என்கிறார். விவசாயி சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் டீயை நீட்டுகிறார்.

லோடு ஏறுகிறது. கனமான மூட்டைகள் முன்பக்கமாகவும், இரண்டு பக்கமும் சமமாகவும். கேபின் உயரத்தைத் தாண்டாமல். தார்ப்பாய் இறுக்கமாக. காற்றில் படபடவென அடிக்கும் தார்ப்பாயும், கேபினுக்கு மேல் சுவர்போல நிற்கும் லோடும் வண்டியைப் பின்னால் இழுக்கும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மலையில் இது பெரிதாகத் தெரியாது. இதே வண்டி கோயம்புத்தூர் சாலையில் 80 கி.மீ வேகத்தில் போகும்போதும் 60-ல் போகும்போதும் டாங்க்கின் முள் சொல்லிவிடும்.

1.5 டன் ஏறியாகிவிட்டது. அப்போதுதான் வியாபாரி வருகிறார்.

"அண்ணா, இன்னும் அஞ்சு மூட்டை இருக்குதுங்க. தனி வாடகை தர்றேன். போட்டுக்கலாமா?"

மருமகன் மாமாவின் முகத்தைப் பார்க்கிறார். மாமா மருமகனின் முகத்தைப் பார்க்கிறார். அடுத்த மாதத்திலிருந்து இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லப்போவது யார் என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு தவணைக்கு எத்தனை 'அஞ்சு மூட்டை' தேவை என்று மருமகன் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொல்கிறார். "வேண்டாமுங்க அண்ணா. ஆர்.சி-ல இருக்கற எடை ஆகிப்போச்சு. இறக்கம் வேற இருக்குது. நாளைக்கு முதல் லோடா எடுத்துக்கறேன்."

மாமா டீ டம்ளரைக் கழுவிவைக்கப் போய்விடுகிறார்.

நியூட்ரல் என்னும் மாயை

சீஸன் நேரம் என்பதால் இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழியாக அனுப்பப்படுகின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து போகிறது. கோத்தகிரியைத் தாண்டி அரவேணு. அதன் பிறகு முழு இறக்கம். ஒரு வளைவில் விலகும் மேகத்துக்குக் கீழே மேட்டுப்பாளையம் சமவெளி விரிகிறது. கண்ணாடிச் சில்லாக மின்னுகிறது பவானி.

மலைப்பாதைகளில் ஆண்டாண்டு காலமாகச் சுற்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். வண்டிதான் தானாகவே ஓடுகிறதே! சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவதும் உண்டு.

உண்மை அதற்கு நேர் எதிரானது. வண்டி கியரில் இருந்து, ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்ஜினைச் சுற்றவைப்பது சக்கரங்கள்தான். டீசல் தேவையில்லை என்று தெரிந்து, எரிபொருள் தெளிப்பதை இன்ஜின் நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். அணையாமல் இருக்க, அது தனக்கான டீசலைத் தானே எரித்தாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் இந்த இறக்கத்தில், மிச்சம் பிடிப்பதாக நினைத்து அரை லிட்டரைச் செலவழிப்பதுதான் நடக்கும். இன்ஜினை அணைத்தால் இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் கைவிட்டுவிடும்.

டீசல் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. லோடோடு சேர்த்து 3.3 டன் எடையுள்ள வண்டி, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,450 மீட்டர் இறங்குகிறது. அதில் வெளிப்படும் ஆற்றல், சுமார் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. உருளும் டயரும் எதிர்க்காற்றும் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மீதியை ஒன்று இன்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். நியூட்ரலில் இன்ஜின் வாங்காது. அத்தனை சூடும் நான்கு சக்கரங்களில் இருக்கும் சின்னச் சின்ன லைனிங்குகளின் தலையில்தான் விழும். சூடு ஏற ஏற லைனிங் பிடிப்பை இழக்கும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்துக் குமிழியாகும். பிறகு, பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பது போலக் கீழே போகும்.

"ஏறுறதுக்கு எந்த கியர் தேவைப்பட்டுச்சோ, அதே கியர்லதான் இறங்கணும் மாப்ள. வேகம் கூடுச்சுன்னா அப்பப்ப நல்லா ஒரு அழுத்து அழுத்திக் குறைச்சுட்டுக் காலை எடுத்துடு. பிரேக் மேல காலை வெச்சுக்கிட்டே இறங்காத. அதுக்கும் மூச்சு விட நேரம் குடுக்கணும்."

வண்டி இரண்டாவது கியரில் 'ம்ம்ம்' என்று இறங்குகிறது. எதிரே மூச்சிரைக்க ஏறிவரும் லாரிக்கு மருமகன் ஒதுங்கி நின்று வழிவிடுகிறார். மலையில் முதல் மரியாதை ஏறும் வண்டிக்குத்தான். அதை நிறுத்திவிட்டால், மறுபடி கிளம்ப அது படும் பாடு ஏறியவர்களுக்குத்தான் தெரியும்.

குஞ்சப்பனைக்கு முன்னால் ஒரு வளைவு. இடது பக்கம் மண் சரிவு, வலது பக்கம் பள்ளம். மருமகன் வேகத்தை இன்னும் குறைக்கிறார். ரொம்ப நேரமாகத் தொண்டையில் நின்ற ஒன்று வெளியே வருகிறது.

"இங்கதான் மாமா..."

"ம்."

"பிப்ரவரியில. நீங்க கால் வைத்தியத்துக்குப் போயிருந்தப்ப. நியூட்ரல்லதான் வந்தேன். மேல இருந்தே கருகுற வாசனை வந்துச்சு, முன்னாடி போற வண்டின்னு நெனச்சேன். இந்த வளைவுல மிதிச்சா, பெடல் பாட்டுக்குக் கீழ போகுது. கியர் போடலாம்னா உள்ள விழவே மாட்டேங்குது. மண்ணு பக்கமாத் திருப்பி உரசி நிறுத்துனேன். எதிர்ல ஒரு ஸ்கூல் வேன் வந்துக்கிட்டு இருந்துச்சு மாமா."

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அரை மணி நேரம் கை நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் மெதுவா கியர்ல இறங்கி வந்துட்டேன். உங்ககிட்ட சொல்லல."

"ம்... வளைவு வருது, ஹாரன் அடி."

நோட்டில் இருந்த இரண்டு சொற்கள்

மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டைகள் இறங்குகின்றன. லோடுமேன்களின் குரல், ஏலக் குரல், கேரட் வாசனை. வண்டி நேராக பங்க்குக்குப் போகிறது. தானியங்கி பம்ப் முதல் முறை 'டக்'கென்று நிற்கும் வரை ஃபுல் டாங்க். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம் என்று கைகாட்டுகிறார் மாமா.

மைலேஜ் பார்க்க அவர் நம்பும் ஒரே வழி இதுதான். ஒரு முறை டாங்க்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வது. அடுத்த முறையும் அதே பங்க்கில் அதே போல நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுப்பது. ஒரு முறை பார்த்தால் போதாது, நாலைந்து முறையாவது சராசரி எடுக்க வேண்டும். "டாங்க்குல போடுற மாத்திரை, பைப்புல மாட்டுற காந்தம்னு எத்தனையோ பேர் வந்து வித்தாங்க. நோட்டுல எதுவும் ஏறலைங்க" என்கிறார். டீசலில் மண்ணெண்ணெய் கலந்த பழைய கால வித்தையை, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 வண்டிகளிடம் காட்டவே கூடாது. பம்ப், இன்ஜெக்டர் தொடங்கி புகையை வடிகட்டும் ஃபில்டர் வரை எல்லாவற்றுக்கும் ஆபத்து. அந்த ஃபில்டருக்கான விளக்கு டாஷ்போர்டில் எரிந்தால், கையேட்டில் சொல்லியிருப்பதைச் செய்ய வேண்டும், கண்டுகொள்ளாமல் ஓட்டக் கூடாது.

டாஷ்போர்டு பெட்டியிலிருந்து அட்டை கிழிந்த கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து மருமகனிடம் நீட்டுகிறார் மாமா. "இனிமே இதையும் நீதான் எழுதணும்."

தேதி, கிலோமீட்டர், லிட்டர், லோடு, குறிப்பு. 'மழை', 'யானை, 40 நிமிடம்', 'அலைன்மென்ட் பார்த்தது' என்று குறிப்புகள் ஒரு சொல்லில், இரண்டு சொல்லில் இருக்கின்றன. மருமகன் பக்கங்களைப் புரட்டுகிறார். தான் மட்டும் ஓட்டிய ஜனவரி, பிப்ரவரியில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். நியூட்ரலில் மிச்சம் பிடித்த மாதங்கள் அவை! மார்ச்சுக்குப் பிறகு, டயரும் அலைன்மென்ட்டும் சரிசெய்து, கியரிலேயே இறங்கி, 13.5. போக வர சுமார் 110 கிலோமீட்டர் என்றால் ஒரு நடைக்கு ஒரு லிட்டர் மிச்சம். மாதம் 25 நடைக்கு 2,300 ரூபாய்.

பிப்ரவரிப் பக்கத்தின் கடைசி வரியில் விரல் நிற்கிறது. 'பிரேக் லைனிங் மாற்றியது' என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில் இரண்டே சொற்கள்.

'டிரம் நீலம்.'

அளவுக்கு மீறிச் சூடேறிய இரும்பில்தான் அந்த நீலம் பாயும். சக்கரத்தைக் கழற்றிய அன்றைக்கே, நடந்தது என்னவென்று அந்த டிரம் சொல்லியிருக்கிறது.

"மாமா... அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லணும். சின்னப் பையன், எதுக்குன்னு விட்டுட்டேன்." முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே எழுகிறார். "லைனிங் போட்டாச்சு, ஆயிலும் மாத்தியாச்சு. வண்டி சரியாயிருச்சு. ஓட்டுறவன் எப்பச் சரியாவான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அஞ்சு மூட்டை வேண்டாம்னு சொன்ன பாரு... போதும் கண்ணு."

வெயில் ஏறிவிட்டது. மண்டியில் அடுத்த வண்டி உள்ளே வர ஹாரன் அடிக்கிறது. மருமகன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கிறார். தேதி, கிலோமீட்டர், லிட்டர் எல்லாம் எழுதியாகிவிட்டது. குறிப்பு என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறார்.

'ஏறின கியரிலேயே இறங்கியது.'